பொது வேலையா, வெட்டி வேலையா?

(கள்ளக்குறிச்சியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதின் சாரம்)



ஊர்ப் பொதுக் காரியங்களில் மக்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வதில் தலைவர்களுடைய கடமை என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. குடிதண்ணீர், பள்ளிக்கூடம், ஏரி, ரோடு, வைத்தியம், போலீஸ் ஆகிய இவைகளெல்லாம் சர்க்கார் நமக்குச் செய்து கொடுக்க வேண்டிய வேலைகள் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். இவைகளை மக்களும் கூடிச் செய்ய வேண்டும் என்று இப்போது படித்தவர்களும் சொல்லுகிறார்கள், அதிகாரிகளும் சொல்லுகிறார்கள், ஓட்டுக் கேட்க வருகிறவர்களும் சொல்லுகிறார்கள். இத்தனை பேரும் ஒரே மாதிரியாக ஒன்றைச் சொல்லும்போது, இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியது அவசியமாகும்.

நான் சொல்லப் போவது சுருக்கமாக இவ்வளவுதான். மக்கள் கூடிச் செய்யாமல் எந்தப் பொதுக் காரியமும் உருப்படாது. இது உண்மை. ஆனால் வேலையில் மாத்திரம் பங்கு கொடுத்து, யோசனையிலும் அதிகாரத்திலும் கணக்கிலும் பங்கு கொடுக்காவிட்டால், அந்த ஏற்பாட்டிற்கு நம் நாட்டில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. அதுதான் வெட்டி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்து நடக்கிறவன்தான் தலைவன். இதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் சொந்த அனுபவத்தோடு ஒத்துப் பார்த்துச் சரி என்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

மருந்து எழுதுகிறவரும் மருந்து குடிக்கிறவரும்

முதலில், மக்கள் சேராவிட்டால் காரியம் ஏன் நடக்காது என்று பார்ப்போம். சர்க்கார் ஒரு சேலையை இனாமாகக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக் கொள்ளலாம். ஆனால் படிப்பை அப்படி வாங்கிக் கொள்ள முடியுமா? வாத்தியார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பிள்ளையை அனுப்பத் தாய் தகப்பன் வேண்டும். படிக்கப் பிள்ளை வேண்டும். டாக்டர் மருந்து எழுதலாம்; குடிக்க வேண்டியவன் நோயாளி. பஞ்சாயத்து சாக்கடை கட்டலாம். அதில் குப்பையைக் கொட்டாமல் இருக்க வேண்டியவர்கள் தெருவார். ஆகவே இவைகளெல்லாம் கொடுக்கிறவர், வாங்குகிறவர் ஆகிய இரண்டு பேரும் சேர்ந்து செய்தால்தான் உண்டாகக்கூடிய பொருள்களே ஒழிய, கடையில் காசு கொடுத்து வாங்கும் பண்டங்களல்ல.

இதை உலகத்திற்கு எடுத்துக் காட்டியவர் ஒரு பெண்மணி என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் எலினார் ஆஸ்ட்ரம் என்கின்ற அம்மையார், 1970களின் ஆரம்பத்தில் இண்டியானாபொலிஸ் என்னும் பட்டணத்துப் பெரிய போலீஸ் இலாகாவையும், பக்கத்திலிருந்த சிறிய ஊர்களின் போலீசையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இலாகா பெரிதாக ஆக நன்மையும் பெரிதாகும் என்று அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அம்மையார் வீடு வீடாக விசாரித்துப் பார்த்ததில், சிறிய ஊர்ப் போலீசு எந்த விதத்திலும் குறைந்ததாக இல்லை. பல விஷயங்களில் மேலாகவே இருந்தது. தெருவில் நடப்பதைப் போலீசுக்குச் சொல்லுவதற்கு ஜனங்கள் இருந்தால்தான் போலீசு வேலை நடக்கும் என்பது வெளிப்பட்டது. பிற்காலத்தில் காடு, மேய்ச்சல் தரை, வாய்க்கால் முதலியவைகளைக் குடிகளே கூடிக் காப்பாற்றும் முறைகளையும் ஆராய்ந்து, 2009ஆம் வருஷத்தில் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே.

கருணாபுரம் சொல்லும் பாடம்

இண்டியானாபொலிஸ் எங்கே, கள்ளக்குறிச்சி எங்கே என்று கேட்பீர்கள். 2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்த ஊர்க் கருணாபுரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள். எங்கோ காட்டிற்குள் மறைவாய் இது விற்கப்பட்டதா? ஜில்லாவின் தலைநகரத்திலே, ஜனங்கள் நிறைந்த தெருவிலே விற்கப்பட்டது. தெருவிலுள்ள குழந்தைக்கும் தெரிந்த விஷயம், தெரிய வேண்டியவர்களுக்கு மாத்திரம் தெரியாமல் போயிற்று என்றால் அதற்கு அர்த்தம் என்ன?

தெரிந்தவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இல்லை. சொன்னவன் பெயர் மறுநாளே விற்கிறவன் காதுக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தது. ஏழை சொல்லுகிற சொல்லுக்குக் கச்சேரியில் மதிப்பு உண்டு என்று எப்போதாவது அவனுக்குக் காட்டப்பட்டிருந்தால்தானே அவன் சொல்லுவான்? செத்த பிறகு மந்திரிகள் வந்தார்கள், நஷ்ட ஈடு கொடுத்தார்கள், அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள். இவைகளையெல்லாம் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மக்களுடைய வாய்க்கு மதிப்பில்லாத இடத்தில் சட்டத்திற்கும் மதிப்பு இருக்காது என்பதை அந்த அறுபது பிணங்களைக் கண்ட பிறகாவது நாம் உணர வேண்டாமா?

பழம் பெருமை

இனி, நமது பழம் பெருமைக்காரர்களிடம் வருவோம். “மக்கள் கூடிச் செய்வது ஒன்றும் புதிதல்ல, நம் முன்னோர்கள் குடிமராமத்துச் செய்தார்கள், உத்திரமேரூரில் ஆயிரம் வருஷங்களுக்கு முன்னாலேயே குடவோலை போட்டு ஏரி வாரியம் அமைத்தார்கள்” என்று இவர்கள் மேடைக்கு மேடை பேசுகிறார்கள்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருப்பது உண்மை. அதில் ஏரி வாரியம் இருந்ததும் உண்மை. ஆனால் அந்தக் குடத்தில் யாருடைய பெயரைப் போட்டார்கள் என்பதையும் அதே கல்வெட்டு சொல்லுகிறதல்லவா? வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியில் மண் வெட்டினவனுக்கு நிலமும் இல்லை, மனையும் இல்லை. வேதத்தைக் காதால் கேட்கவும் அவனுக்கு உரிமை இல்லை. பெண்களைப் பற்றியோ பேச்சே இல்லை. ஆகவே அந்தக் குடத்திற்குள் ஊர் முழுவதும் இருந்ததாகச் சொல்லுவது எப்படிச் சரியாகும்?

குடிமராமத்தின் யோக்கியதையையும் பார்ப்போம். மண்வெட்டியும் கூடையும் எடுத்து வந்தவர்கள் பண்ணையாட்களும் சேரி மக்களும். கரைமீது நின்று அதிகாரம் செய்தவர்கள் நிலக்காரர்கள். ஏரி நிறைந்தால் விளைவது யாருடைய வயல்? நிலமில்லாதவனுக்கு அந்தத் தண்ணீரால் என்ன லாபம்? வெள்ளைக்காரன் வந்தபோது இந்த வழக்கத்தை எடுத்துவிட்டானா என்றால் அதுவும் இல்லை. 1858ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானிக்கென்று கட்டாய வேலைச் சட்டம் என்பதாக ஒன்று செய்தான். கரை உடையும் ஆபத்து வந்தால் உழைப்பாளிகளைக் கட்டாயமாக இழுத்து வரலாம்; வழக்கமாகச் செய்து வந்த ஏரி வேலைக்கு ஆள் கொடுக்காதவன் அந்த வேலையின் மதிப்பைப் போல் இரட்டிப்புப் பணம் கட்ட வேண்டும். இதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். தானாக முன்வந்து செய்த புண்ணிய காரியமாக இருந்தால் அதற்குத் தண்டச் சட்டம் எதற்கு?

நம் காலத்தில் 2017ஆம் வருஷத்தில் குடிமராமத்து என்ற பெயரைத் தமிழ்நாடு சர்க்கார் திரும்பவும் எடுத்து ஏரிகளைத் தூர்வாரும் திட்டமாக நடத்தியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனக்காரர்கள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ கொடுப்பது என்பது ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான். ஆனால் எந்த ஊரில் பாசனக்காரர் சங்கம் உண்மையாகக் கூடி யோசித்ததோ அங்கே ஏரி ஆழமாயிற்று. எந்த ஊரில் நாலு பெரிய மனிதர்கள் சங்கம் என்று பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்களோ அங்கே காண்ட்ராக்டரின் பை ஆழமாயிற்று. ஆகவே பெயரில் ஒன்றுமில்லை. யார் யோசித்தார்கள், யார் கணக்குப் பார்த்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மற்றொரு வேடிக்கையையும் சொல்லுகிறேன். 2019ஆம் வருஷத்தில் தமிழ்நாடு தண்ணீருக்குத் தவித்த போது, மழைக்காகப் பெரிய கோவில்களில் யாகம் நடத்தும்படி அறநிலைய இலாகாவிலிருந்து உத்தரவு போயிற்று. ஏரி தூர்ந்து கிடக்கிறது. வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது. ஏரிக்குள் கட்டிடம் எழும்பி நிற்கிறது. வருண பகவானே மனமிரங்கி வந்து பெய்தாலும் அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? கரையைப் பார்க்க வேண்டிய கண்ணை வானத்தைப் பார்க்கச் செய்வதும் ஒரு தலைமைதான். அதனால்தான் மக்களுக்குப் பொது வேலையில் கலந்துகொள்ளும் புத்தி வளராமல் போகின்றது.

மலைமேல் இருக்கிறவர்கள்

கள்ளக்குறிச்சியில் நின்றுகொண்டு இந்த விஷயத்தைப் பேசுகிறவன் மேற்கே திரும்பிக் கல்வராயன் மலையைப் பார்க்காமல் பேச முடியாது. கோமுகி ஆறு அங்கிருந்துதான் இறங்குகிறது. கீழேயுள்ள கரும்பும் நெல்லும் அந்த மலைத் தண்ணீரால் விளைகின்றன. மலைமேல் சாமையும் மரவள்ளியும் பயிர் செய்துகொண்டு, கடுக்காய் பொறுக்கிக்கொண்டு வாழ்கின்ற மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்குக் கீழ்நாடு என்ன கொடுத்தது?

நாடு 1947இல் சுதந்தரம் அடைந்துவிட்டதாகக் கொண்டாடினோம். அதற்குப் பிறகும் ஏறக்குறைய முப்பது வருஷங்கள் அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. விஜயநகர ராஜா செப்பேடு கொடுத்தான் என்று சொல்லிக்கொண்டு மூன்று ஜாகிர்தார் குடும்பங்கள் மலையைப் பங்கிட்டு ஆண்டன. உழுகிறவன் அவர்களுக்கு வரியும் கொடுக்க வேண்டும், கூலியில்லாமல் வேலையும் செய்ய வேண்டும். 1976ஆம் வருஷத்தில்தான் அந்த ஆட்சி முடிந்து மலை சர்க்கார் நிர்வாகத்திற்குள் வந்தது. இந்தியா முழுவதற்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1976தான். 2024இல் சாராயச் சாவுகளுக்குப் பின்னால், கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. 1996 வரையில் அந்த மக்களுக்கு ஓட்டுரிமைகூடக் கிடைக்கவில்லை என்ற செய்தி அந்த வழக்கில்தான் நாட்டிற்குப் பளிச்சென்று தெரிந்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் ஆகியவைகளைச் செய்துகொடுக்கும்படி ஒரு நீதிமன்றம் சர்க்காரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நிலைமை 2024இலும் இருந்தது.

தோழர்களே! இப்படிப்பட்ட மக்களிடம் போய், “சர்க்காரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், நீங்களும் பங்கெடுத்துக் கொள்ளுங்கள்” என்று உபதேசம் செய்கிறவனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டாமா? பிரசவ வலி கண்ட பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிறவர்கள் ஏற்கனவே பங்கெடுத்துக் கொண்டுதானே இருக்கிறார்கள்? அவர்கள் தோளே அவர்களுக்கு ஆம்புலன்சாக இருக்கிறது. அவர்கள் பங்கு வந்துவிட்டது. வராமல் இருப்பது சர்க்காரின் பங்கு. பங்கெடுப்பு என்கின்ற அழகான வார்த்தையைச் சொல்லிச் சர்க்கார் தன் கடமையை மக்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போகுமானால், ஜாகிர்தார் செய்த காரியத்தையே அதுவும் செய்கிறது என்றுதான் நான் சொல்லுவேன்.

அப்படியானால் மலை மக்களுக்கு உண்மையான பங்கு எது? ஒரு உதாரணம் சொல்லுகிறேன். 2006ஆம் வருஷத்தின் வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு நிலத்தில் யாருக்கு உரிமை என்பதை முதலில் விசாரிக்க வேண்டியது தாசில்தார் அல்ல, ரேஞ்சர் அல்ல, கிராம சபை. கிராம சபை 10 முதல் 15 பேர் வரை கொண்ட வன உரிமைக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். அந்தக் குழு நிலத்தை நேரில் போய்ப் பார்க்கிறது, எல்லையை வரைகிறது. பட்டா இல்லாதவனுக்கு, ஊர்க் கிழவர் கிழவிகள் சொல்லி எழுதி வைத்த வாக்குமூலமும், பழைய கிணறும், இடுகாடுங்கூடச் சாட்சியாகும் என்று விதி சொல்லுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மலைக் கிழவியின் வார்த்தை சர்க்கார் கடுதாசிக்குச் சமமாக நிற்கிறது என்றால், அது சாதாரண விஷயமா? வேலையும் அவர்களுடையது, அதிகாரமும் அவர்களுடையது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டவும், சட்டத்தை மலைமக்கள் பேச்சில் எடுத்துச் சொல்லவும், எழுதிக் கொடுத்த மனு மேலே போய்த் தூங்காமல் பின்னாலேயே போகவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் தலைவன் என்று பெயர்.

சந்துக்கு ஒரு தலைவர்

தலைவன் என்றவுடன் மாலையும் மோட்டார் காரும் நமக்கு ஞாபகத்திற்கு வருகின்றன. வேறு மாதிரித் தலைவர் ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். கராச்சிப் பட்டணத்தில் ஒரங்கி என்று பெரிய ஏழைக் குடியிருப்பு ஒன்று உண்டு. மலநீர் வீட்டு வாசலில் ஓடிக் கொண்டிருந்தது. 1980ஆம் வருஷத்தில் அக்தர் ஹமீத் கான் என்பவர் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒரு காலத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் இருந்து, அது வேண்டாமென்று ராஜினாமாச் செய்தவர். அவர் போனவுடன் திட்டம் போடவில்லை. சந்து சந்தாக நடந்தார், கேட்டார். சாக்கடை வேண்டும் என்றார்கள். அதை சர்க்கார் இனாமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சர்க்கார் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் செய்த ஏற்பாடு இது. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்து, தங்களுக்குள் ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பணத்தை அவர்களே வசூலித்து அவர்களே வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை அவர்களே நடத்த வேண்டும். மட்டம் பார்ப்பது, வரைபடம் போடுவது, செலவுக் கணக்குப் போடுவது, கொத்தனாருக்குச் சொல்லிக் கொடுப்பது ஆகிய இவைகளை மாத்திரம் அவருடைய ஆட்கள் செய்தார்கள். சந்தாரின் பணத்தில் ஒரு காசையும் அவர்கள் தொடவில்லை. சர்க்கார் காண்ட்ராக்டில் ஆகக்கூடிய செலவில் ஒரு சிறு பங்கில் வேலை முடிந்தது. காண்ட்ராக்டர் லாபம் இல்லை, லஞ்சம் இல்லை என்பதும், மட்டமான குழாய் போட்டால் தங்கள் வாசலே நாறும் என்பதும் அதற்குக் காரணங்களாகும். ஆயிரக்கணக்கான சந்துகள் இப்படிச் செய்துகொண்டன.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அவர் போட்ட பங்கீடு. வீட்டுக் கக்கூசும் சந்துச் சாக்கடையும் மக்கள் பொறுப்பு. எல்லாச் சந்துகளின் தண்ணீரையும் சுமந்து போகும் பெரிய சாக்கடையும் சுத்தம் செய்யும் நிலையமும் சர்க்கார் பொறுப்பு. தங்கள் பங்கைச் செய்து முடித்த மக்கள், சாக்கடை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்கள் வேலை முடிந்தது, உங்கள் வேலை எங்கே?” என்று சர்க்காரைக் கேட்கும் தைரியம் பெற்றார்கள். பங்கெடுத்தவன் கேள்வி கேட்கத் துணிகிறான். வெட்டி செய்தவன் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

குத்தம்பாக்கமும் வேங்கைவயலும்

அது கராச்சி, நம் ஊரில் ஜாதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். பொதுக் காரியத்திற்கு முதலில் ‘பொது’ என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. மதுரை ஜில்லா பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்திற்காக 1996 முதல் 2006 வரை பத்து வருஷங்கள் தலைவரே வரமுடியாமல் தடுத்து வைத்தார்கள். ஊர், சேரி என்று இரண்டாகக் கிடக்கும் இடத்தில், “ஊர் கூடித் தேர் இழுப்போம்” என்றால் யார் இழுப்பது, யார் தேர்மேல் உட்காருவது?

ஆகையால் நமது நாட்டில் தலைவனுடைய முதல் வேலை, பொதுவை உண்டாக்குவதே ஆகும். அதிகாரம் கைக்கு வந்தால் அதை இதற்குப் பயன்படுத்த வேண்டும். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த காலத்தில், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுகளின் லைசென்சை ரத்துச் செய்வதாக உத்தரவு போட்டார். ஜனங்கள் மனம் மாறட்டும் என்று அவர் காத்துக் கொண்டிருக்கவில்லை. முதலில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறட்டும், மனம் பின்னால் ஏறிக்கொள்ளும் என்பதுதான் அதன் தத்துவம்.

நம் காலத்திலும் ஒரு உதாரணம் உண்டு. சென்னைக்குப் பக்கத்திலுள்ள குத்தம்பாக்கத்தில் 1996இல் இளங்கோ என்பவர் பஞ்சாயத்துத் தலைவரானார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர், எஞ்சினீயருக்குப் படித்தவர். அவர் ஊரில் மண் கல் அறுப்பது முதல் வீடு கட்டுவது வரை ஊர் ஆண்களும் பெண்களும் செய்தார்கள். சமத்துவபுரம் கட்டியபோது இரட்டை வீடுகளாகக் கட்டி, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஆதிதிராவிடக் குடும்பத்தையும் அந்தப் பக்கம் வேறு ஜாதிக் குடும்பத்தையும் குடியேற்றினார்கள். வேலையில் சேர்ந்தவர்கள் வாழ்விலும் சேர்ந்தார்கள். அவர் மேல் குற்றஞ்சாட்டிப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தபோது, கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்றது. கணக்கை ஊர் முன்னால் விரித்துக் காட்டிய தலைவனுக்கு ஊரே வக்கீலாக வரும். கணக்கை மறைக்கிறவனுக்குக் காண்ட்ராக்டர்தான் வருவான்.

பெண்களின் தொண்டு

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பொதுக் காரியங்களில் மக்கள் பங்கெடுக்கிறார்கள் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் உழைப்பது பெண்களே. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்து பிள்ளைகள் படித்ததை மறந்து போனபோது, 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்று ஒரு திட்டம் விழுப்புரம் ஜில்லாவில் ஆரம்பிக்கப்பட்டது. தமிழ்நாடெங்கும் ஏறக்குறைய இரண்டு லட்சம் தொண்டர்கள் சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டத்திலும் விடிவதற்கு முன் எழுந்து சமைத்தவர்கள் மகளிர் சங்கப் பெண்கள். இவைகள் மெச்சத் தகுந்த காரியங்கள். வெளியே போகக்கூடாது என்று அடைபட்டிருந்த பெண் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியாரானாள் என்பது லேசான மாறுதலா?

ஆனால் அந்தத் தொண்டருக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். ஆண் செய்தால் உத்தியோகம், பெண் செய்தால் தொண்டு என்ற கணக்கு எப்படி வந்தது? வீட்டில் கூலியில்லாமல் உழைத்துப் பழகினவள்தானே, ஊருக்கும் உழைக்கட்டும் என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களும் பாதிப் பங்கு பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் பெயர் இருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர் கூட்டத்தில் வாய் திறந்து கேள்வி கேட்கிறீர்கள்? எத்தனை பேர் கையெழுத்து மாத்திரம் போட்டு அனுப்புகிறீர்கள்? சமையலுக்குக் கரண்டி பிடித்த கை, கணக்குப் புஸ்தகத்தையும் பிடிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

தோழர்களே! இனி உங்கள் ஊருக்கு யாராவது வந்து, “எல்லோரும் சேர்ந்து இந்தப் பொதுக் காரியத்தைச் செய்வோம், வாருங்கள்” என்று கூப்பிட்டால், உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். போகமாட்டேன் என்று உட்கார்ந்து கொள்ளவும் வேண்டாம். கூப்பிட்டவரைச் சில கேள்விகள் கேளுங்கள்.

இந்த வேலை வேண்டும் என்று யார் தீர்மானித்தது? எங்களைக் கேட்டீர்களா? எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வருமா, அல்லது பெரிய தெருவுக்கு மாத்திரம் விதிவிலக்கு உண்டா? உழைக்கிறவனுக்குக் கூலி உண்டா? இல்லையென்றால் உங்கள் கூலியும் இல்லைதானே? சர்க்காரின் பங்கு எது, அது எந்தத் தேதியில் வரும்? பணக் கணக்கு எங்கே, எந்த நாளில் வாசிக்கப்படும்? வேலை முடிந்த பின் சேரியும் ஊரும், ஆணும் பெண்ணும் அதை ஒன்றாக அனுபவிக்கலாமா? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுகிறவர் எவரோ, அவருக்குப் பின்னால் தாராளமாகப் போங்கள். கோபித்துக் கொள்ளுகிறவர் உங்களை வெட்டிக்குக் கூப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் இடம் எங்கே என்று கேட்டால், இடம் இருக்கிறது. 1992ஆம் வருஷத்தில் நிறைவேறிய 73வது அரசியல் சட்டத் திருத்தமும், அதை ஒட்டி 1994இல் ஏற்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உயிர் கொடுத்திருக்கின்றன. ஓட்டர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். நிலம் வேண்டியதில்லை, வேதம் வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூட வேண்டும். உத்திரமேரூர்க் குடத்திற்குள் புகமுடியாதவர்களுக்கெல்லாம் இன்று நாற்காலி போட்டிருக்கிறது. நாம் போய் உட்காராமல் இருந்துவிட்டு, எல்லாம் தலைவிதி என்று சொல்லுவதில் என்ன பிரயோஜனம்?

ஆகவே, கீழ்நாட்டுத் தோழர்கள் உங்கள் ஊர்ச் சபைக்குப் போங்கள். போகும்போது சேரித் தோழர்களையும் வீட்டுப் பெண்களையும் கூடவே அழைத்துப் போய்ச் சமமாக உட்காரச் செய்யுங்கள். படித்த வாலிபர்கள் வருஷத்தில் சில நாட்களாவது மலைமேல் ஏறுங்கள். உபதேசம் செய்வதற்கல்ல, மனு எழுதிக் கொடுப்பதற்கும், அதற்கு ரசீது வாங்கிக் கொடுப்பதற்கும், அவர்கள் சொல்லுவதைக் காது கொடுத்துக் கேட்பதற்கும். அப்படிச் செய்கிற ஒவ்வொருவரும் தலைவர்தான். அதற்கு மாலையும் வேண்டாம், மேளமும் வேண்டாம்.